வாசகர் கேள்வி–பதில்: புதிய ஊடகங்களைப் பற்றிய கவலை எவ்வளவு நியாயம்?

சமூக ஊடகங்களைக் குறைகூறும் சமூகவியலாளர்கள் காலத்தோடு ஒட்டாதவர்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர்களைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம் என்று அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரி போதாது என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் கேள்விகள் அனைத்தும் அந்த ஒரே பொருளைப் பற்றியவை.

ஐயா, எழுத்து வந்தபோது நினைவாற்றல் போய்விடும் என்றார்கள். தொலைபேசி வந்தபோது வீட்டுக்கு வருவோர் குறைந்துவிடுவார்கள் என்றார்கள். தொலைக்காட்சி வந்தபோது குடும்பமே பேச்சை மறந்துவிடும் என்றார்கள். உலகம் கவிழ்ந்துவிடவில்லையே! இப்போது இணையத்தைப் பற்றிச் சமூகவியலாளர்கள் பாடுவதும் அதே பழைய ஒப்பாரிதானே? — ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பழைய ஒப்பாரி என்பதில் ஐயமில்லை. பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் ஓர் எகிப்தியக் கதை சொல்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த தேவன் அதை அரசனிடம் கொண்டுபோய்க் காட்டி, நினைவாற்றலுக்கு இது மருந்து என்று பெருமைப்படுகிறான். அரசனோ, இது மறதியைத்தான் வளர்க்கும், இதைக் கற்றவர்கள் அறிவாளிகள்போலத் தோன்றுவார்களே ஒழிய அறிவாளிகளாக மாட்டார்கள் என்று மறுக்கிறான். நமக்கும் அந்தச் சந்தேகம் புதிதன்று. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று சொன்னவரும் எழுத்தை முழுக்க நம்பாதவர்தான்.

ஆனால் அந்த அரசன் சொன்னது பொய்த்துப்போயிற்றா என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரம் பாடல்களை நெஞ்சில் வைத்திருந்து கேட்டவுடன் சொல்லக்கூடியவர்களை இன்று எங்கே காண்கிறோம்? நினைவாற்றல் போகத்தான் செய்தது. அதற்கு ஈடாகக் கிடைத்தது பெரிதாக இருந்ததால் போனதைப் பற்றி நாம் வருந்துவதில்லை, அவ்வளவுதான். ‘முன்பும் பயந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை’ என்பவர்கள் பெரும்பாலும் ஆனதை மறந்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சமூகவியலாளர்களின் கவலைக்கு இதைத் தவிர வேறொரு பூர்வீகமும் உண்டு. அந்தத் துறை பிறந்ததே ஓர் இழப்புணர்விலிருந்துதான். 1887 இல் ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் டோனீஸ், உறவாலும் பழக்கத்தாலும் பிணைந்த பழைய சமுதாயம் மறைந்து, ஒப்பந்தத்தாலும் சொந்த நலனாலும் பிணைந்த புதிய சமூகம் எழுகிறது என்று எழுதினார். பிரான்சில் எமில் துர்க்கைம், பழைய நெறிகள் தளர்ந்து புதியவை உருவாகாத இடைவெளியில் மனிதன் தத்தளிப்பதைப் பற்றி எழுதினார். 1903 இல் கியோர்க் சிம்மல், மாநகரில் ஓயாமல் வந்து மோதும் காட்சிகளிலிருந்தும் ஒலிகளிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள நகரவாசி மனத்தை மரத்துப்போகச் செய்துகொள்கிறான் என்றார். இவர்கள் யாரும் கணினியைக் கண்டதில்லை. நகரத்தைக் கண்டு கலங்கியவர்கள். ஆகவே இணையம் வந்தபோது அதற்குப் பொருத்தமான புலம்பல் அந்தத் துறையில் ஏற்கெனவே தயாராக இருந்தது. ‘நகரம்’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘வலை’ என்ற சொல்லை வைத்தாலே போதும் என்ற நிலை. புதியதைக் கண்டாலே இழப்பை எண்ணும் இந்த அவநம்பிக்கைச் சமூகவியலின் பெரிய பலவீனம் இதுதான் என்பது என் எண்ணம்.

தொலைபேசியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அமெரிக்காவில் 1940 வரை தொலைபேசி பரவிய வரலாற்றை கிளாட் ஃபிஷர் என்ற சமூகவியலாளர் நுணுகி ஆராய்ந்தார். அது அக்கம்பக்கத்து உறவை அழிக்கவும் இல்லை, புதிய உலகம் ஒன்றைப் படைத்துவிடவும் இல்லை. ஏற்கெனவே இருந்த உறவுகளை இன்னும் அதிகமாகப் பேணவே மக்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இந்த ஃபிஷர் கீழே இன்னொரு பதிலிலும் வருவார்.

பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேரும் குனிந்த தலை நிமிர்வதில்லை. முன்பெல்லாம் பேசிக்கொண்டு நின்ற மக்கள்தானே இவர்கள்? — நாள்தோறும் பேருந்தில் செல்லும் ஒருவர்

பேசிக்கொண்டா நின்றார்கள்? சிலர் பேசினார்கள், பலர் செய்தித்தாளை விரித்துக்கொண்டோ, வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டோ நின்றார்கள். முன்னே சொன்ன சிம்மல், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் குறித்துவைத்திருக்கிறார்: பேருந்தும் ரயிலும் டிராமும் வருவதற்கு முன்னால், ஒருவரோடொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நிமிடக்கணக்கிலும் மணிக்கணக்கிலும் முகம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை மனிதர்களுக்கு ஏற்பட்டதே இல்லை என்கிறார். அறிமுகமில்லாதவரைக் கண்டும் காணாததுபோல் இருப்பதே பொது இடத்தின் மரியாதை என்று பின்னாளில் எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் விளக்கினார். கைபேசி அந்த மரியாதைக்கு ஒரு வசதியான கைப்பொருளாக வந்து சேர்ந்தது.

இதை யாராவது அளந்து பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். 1970களின் இறுதியில் வில்லியம் ஒய்ட் என்பவரின் ஆய்வு மரபில் வந்தவர்கள் நியூயார்க் முதலிய நகரங்களின் பொது இடங்களைப் படச்சுருளில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து கீத் ஹாம்ப்டன் என்பவர் குழுவோடு அதே இடங்களுக்குச் சென்று மறுபடியும் படம்பிடித்து, இரண்டு பதிவுகளிலும் உள்ள மனிதர்களை ஒவ்வொருவராக எண்ணினார். தனியாக இருந்தவர்களின் பங்கு கூடியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம், குறைந்திருந்தது. கைபேசியோடு காணப்பட்டவர்கள் சிறுபான்மையினர். அவர்களிலும் பலர் தனியாக வந்தவர்கள். பொது இடத்தில் பெண்கள் அதிகமாகியிருந்தது அந்தப் படங்களில் தெரிந்த பெரிய மாற்றங்களுள் ஒன்று. பழங்காலத்துப் பொதுவெளியை எண்ணி ஏங்குபவர்கள், அந்த வெளியில் அன்று யார் இல்லை என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு திருத்தம்: ஹாம்ப்டனின் படங்கள் 2008 முதல் 2010 வரை எடுக்கப்பட்டவை. தொடுதிரைக் கைபேசி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. இன்று எடுத்தால் படம் வேறாக இருக்கலாம். ஆகவே உங்கள் கண்ணை நான் பொய்யென்று சொல்லவில்லை. உங்கள் நினைவைத்தான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன்.

இணையம் மனிதர்களைத் தனிமைப்படுத்துகிறது என்பதற்கு உண்மையான ஆய்வு ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் பொத்தாம்பொதுவான பேச்சா? — சமூகவியல் பயிலும் மாணவி

உண்டு. அவற்றின் கதை அவற்றின் முடிவைவிடச் சுவையானது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1990களின் நடுவில் ராபர்ட் க்ராட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் பிட்ஸ்பர்க் நகரில் 73 வீடுகளுக்குக் கணினியும் இணைய இணைப்பும் தந்து, அந்த வீடுகளிலிருந்த 169 பேரை ஓரிரு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1998 இல் வெளியான முடிவு எல்லாரையும் திடுக்கிட வைத்தது: இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் வீட்டாரோடு பேசுவது குறைந்தது, பழகும் வட்டம் சுருங்கியது, மனச்சோர்வும் தனிமையுணர்வும் சற்றே கூடின. அவர்கள் இணையத்தைப் பயன்படுத்தியதே பெரும்பாலும் பிறரோடு தொடர்புகொள்ளத்தான் என்பதால் ஆய்வாளர்கள் அதை ‘இணைய முரண்’ என்று அழைத்தார்கள். நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு அது போயிற்று. கூடியதும் குறைந்ததும் என்னவோ சிறிய அளவில்தான். ஒப்பிட்டுப் பார்க்க இணையமில்லாத வீடுகளும் ஆய்வில் இல்லை. ஆனால் செய்தித் தலைப்பில் அதற்கெல்லாம் இடம் ஏது?

அதே குழுவினர் அந்த மனிதர்களையே தொடர்ந்து கவனித்தார்கள். 2002 இல் வெளியிட்ட கட்டுரையில், முன்பு கண்ட தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்று தாங்களே எழுதினார்கள். தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் அந்த நேர்மைக்கு முதல் பக்கத்தில் இடம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. அந்த இரண்டாம் கட்டுரையில் புதிதாக ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இன்னொரு கூட்டத்தாரிடம் தெரியவந்தது முக்கியமானது: கலகலப்பாகப் பழகுபவர்களுக்கும் ஆதரவு மிகுந்தவர்களுக்கும் இணையம் நன்மை செய்தது, ஒதுங்கி வாழ்பவர்களுக்கும் ஆதரவு குறைந்தவர்களுக்கும் அந்த நன்மை வாய்க்கவில்லை. உள்ளவனுக்கே மேலும் சேரும் என்ற பணத்தின் இயல்பு நட்புக்கும் உண்டு போலும்.

அடுத்த அதிர்ச்சி 2006 இல் வந்தது. அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வில், ‘கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு முக்கியமான விஷயங்களை யார் யாரோடு பேசினீர்கள்?’ என்று ஒரு கேள்வி உண்டு. 1985 இல் மக்கள் சராசரியாக ஏறத்தாழ மூன்று பேரைச் சொன்னார்கள்; 2004 இல் அது ஏறத்தாழ இரண்டாகக் குறைந்திருந்தது. ஒருவர்கூட இல்லை என்றவர்கள் நான்கில் ஒரு பங்கை எட்டியிருந்தார்கள். மில்லர் மெக்ஃபெர்சனும் உடன் எழுதியவர்களும் இதை வெளியிட்டதும், இணையத்தின் மீது குற்றம் சாட்ட விரும்பியவர்களுக்கு அது கையில் கிடைத்த தடியாயிற்று. 2009 இல் மேலே சொன்ன ஃபிஷர் வந்து, அதே ஆய்வின் வேறு பதில்களோடு இந்த வீழ்ச்சி ஒத்துப்போகவில்லை, கேள்வி கேட்ட முறையிலேயே கோளாறு இருக்க வேண்டும் என்றார். பெயர் சொல்லச் சொல்ல, அந்தப் பெயர்களைப் பற்றிய கேள்விகளும் நீளும் விதமாக அந்தப் படிவம் அமைந்திருந்தது. 2013 இல் வேறு இருவர் ஆராய்ந்தபோது, ‘ஒருவருமில்லை’ என்ற பதில் குறிப்பிட்ட சில நேர்காணலாளர்களின் படிவங்களில் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருந்தது தெரியவந்தது. நாடு தனிமையில் வாடியதோ இல்லையோ, சிலருக்கு வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்ததோ என்னவோ.

உங்கள் பாடநூலில் இவற்றுள் முதல் பாதி மட்டும் இருந்தால், மறுபாதியைத் தேடிப் படியுங்கள்.

அப்படியானால் அவநம்பிக்கையாளர்கள் தோற்றுவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்கிறீர்களா? — அதே மாணவி

இல்லை. அவர்கள் எண்ணிக்கையில் தோற்றார்கள், வழக்கில் தோற்கவில்லை. எத்தனை நண்பர்கள், எத்தனை மணி நேரம் என்று எண்ணியவர்கள் தவறான பொருளை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது என் கட்சி. உறவின் எண்ணிக்கையை விட்டுவிட்டு உறவின் தன்மையைக் கவனித்தவர்களை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

சிக்மண்ட் பௌமன் என்ற போலந்துச் சமூகவியலாளர், ‘உறவு’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘தொடர்பு’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டதைக் கவனித்தார். உறவை முறிப்பது பெரிய காரியம். காரணம் சொல்ல வேண்டும், பெரியவர்கள் வந்து பேசுவார்கள், ஊர் கேட்கும். தொடர்பைத் துண்டிப்பதற்கு ஒரு விரல் போதும். சேர்வது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிது விலகுவது. அந்த எளிமைதான் வலையமைப்பின் கவர்ச்சி என்கிறார் அவர். விலகினால் ஒன்றும் இழப்பில்லை என்ற இடத்தில் இருப்பதற்கும் பெரிதாக மதிப்பில்லாமல் போகிறது.

நான் உறுப்பினராக உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். உடன் படித்த பழைய நண்பர்கள் நாற்பத்துச் சொச்சம் பேர் அதில் இருக்கிறோம். ஒருநாள் காலை ஒருவன் தன் தந்தை இறந்துவிட்டதாக ஒரு வரி போட்டான். அடுத்த பத்து நிமிடத்தில் கூப்பிய கைகள் வரிசையாக வந்து இறங்கின. சிலர் அதற்கு முன் இட்டவரின் வாசகத்தையே நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒருவருடைய எழுத்துப் பிழைகூட அடுத்த நான்கு பேரிடம் அப்படியே தொடர்ந்தது. பதினோராவது நிமிடம் யாரோ ஒரு நகைச்சுவைப் படத்தை அனுப்பிவிட்டு, பிறகு மேலே பார்த்திருப்பார் போலும், அவசரமாக அழித்தார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் அஞ்சலிகளுக்கு நடுவே நின்றது. மாலையில் நான் அவனைத் தொலைபேசியில் அழைத்தபோது, ‘நீ மூணாவது ஆளு’ என்றான். நாற்பது பேருக்கும் செய்தி தெரியும். நாற்பது பேரும் துக்கம் தெரிவித்தாயிற்று. தனிமை என்று இதை எந்தப் படிவத்திலும் குறிக்க முடியாது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது.

அந்த ஏதோ ஒன்றைத்தான் ஷெரி டர்க்கிள் பல ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பணியாற்றும் இவர் 1995 இல் எழுதியபோது, இணையத்தில் மனிதன் பல வேடங்களைப் பூண்டு பார்த்துத் தன்னையே அறிந்துகொள்ளலாம் என்று நம்பிக்கையோடு எழுதினார். 2011 இல் எழுதியபோது குரல் மாறியிருந்தது: கூடியிருந்தும் தனித்திருக்கிறோம், நெருக்கத்தின் தொல்லையில்லாமல் துணை மட்டும் வேண்டும் என்று கேட்கப் பழகிவிட்டோம் என்றார். ஆர்வலராகப் போனவர் கவலையோடு திரும்பி வந்தால், அந்தக் கவலைக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

எதிர்வாதம் இல்லாமலில்லை. பேரி வெல்மன் போன்ற சமூகவியலாளர்கள், மனிதன் ஊராலும் தெருவாலும் வரையறுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து விடுபட்டு, தானே அமைத்துக்கொண்ட பல சிறு வலைகளின் நடுவே வாழ்கிறான், இது வேறு வகை வாழ்வே தவிர வீழ்ச்சியன்று என்கிறார்கள். ஊர் வாயிலிருந்தும் உறவுக் கட்டிலிருந்தும் தப்பிக்க வேண்டியிருந்தவர்களுக்கு அந்த வலைகள் உயிர்க்கயிறாக இருந்ததை நானும் அறிவேன். விலகும் வசதி இல்லாத உறவு சிலருக்குச் சிறைதான். பௌமனைப் படிக்கும்போது இதை மறக்காமலிருப்பது நல்லது.

என் மகளுக்குப் பதினைந்து வயது. எந்நேரமும் கைபேசி. அதனால்தான் இளைஞர்களின் மனநலம் கெடுகிறது என்று ஒருவர் எழுதுகிறார்; ஆதாரமே இல்லை என்று இன்னொருவர் எழுதுகிறார். நான் யாரை நம்புவது? — ஒரு தாய்

அம்மா, இருவரும் ஒரே எண்களைத்தான் பார்க்கிறார்கள், அதனால்தான் குழப்பம். 2012 ஐ ஒட்டித் தொடுதிரைக் கைபேசி இளைஞர் கைக்கு வந்ததும் அமெரிக்க இளைஞர்களிடம் மனச்சோர்வு கூடியதும் ஒரே காலத்தில் நடந்தவை, இது தற்செயலன்று என்பது உளவியலாளர்களான ஜீன் ட்வெஞ்சியும் ஜொனாதன் ஹைட்டும் சொல்வது. 2019 இல் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களது நலனில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டையே தொழில்நுட்பப் பயன்பாட்டால் விளக்க முடியும் என்றார்கள். மூக்குக்கண்ணாடி அணிவதற்கும் நலக்குறைவுக்கும் உள்ள தொடர்பு இதைவிட வலுவாக அதே தரவில் தெரிந்தது என்பதையும் சுட்டிக்காட்டினார்கள்.

கண்ணாடி உதாரணம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சராசரி என்பது ஒருவருக்கு நேர்ந்ததையும் மற்றவருக்கு நேராததையும் கலந்து கரைத்துவிடும் ஒன்று. க்ராட்டின் இரண்டாம் கட்டுரை சொன்னதுபோல ஒருவருக்கு உதவியது இன்னொருவருக்கு உதவாமல் போயிருக்கலாம். ஆர்பன், ஷிபில்ஸ்கி ஆய்வும் மணிநேரத்தை எண்ணும் கணக்குதான். உங்கள் மகள் எத்தனை மணி நேரம் பார்க்கிறாள் என்பதைவிட, அதை விட்டு எழுந்திருக்கும்போது எப்படியிருக்கிறாள், தூக்கம் குறைகிறதா, யாரோடும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாளா அல்லது தோழிகளோடு வம்பளந்துகொண்டிருக்கிறாளா என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியும், ஆய்வாளர்களுக்குத் தெரியாது. சோர்வு நாள்பட நீடிக்குமானால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கைபேசியைப் பிடுங்குவது அதற்கு மாற்றாகாது.

பெரியவர்களைக் கொண்டு செய்த ஒரு சோதனையும் இங்கே பொருந்தும். 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்குச் சிலரைப் பணம் தந்து ஃபேஸ்புக்கை விட்டு விலகியிருக்கச் செய்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. அதில் ஒரு பங்கு வீட்டாரோடும் நண்பர்களோடும் கழிந்தது. ஒரு பங்கு தனியாகத் தொலைக்காட்சி பார்ப்பதில் போயிற்று! மகிழ்ச்சி கொஞ்சம் கூடியது. நாட்டு நடப்பு பற்றிய அறிவு கொஞ்சம் குறைந்தது. அரசியல் கருத்துப் பிளவும் குறைந்தது. பயனும் இழப்பும் பிரிக்க முடியாதபடி ஒரே பொட்டலத்தில் வந்தன.

நம் கருத்துக்கு ஒத்துவருவதை மட்டுமே காட்டிக் காட்டி அல்காரிதம் நம்மைக் கிணற்றுத் தவளை ஆக்கிவிட்டதே, இதற்கு மாற்று எதிர்த்தரப்பையும் படிப்பதுதானே? — வழக்கறிஞர் ஒருவர்

இப்படித்தான் 2001 இலேயே சட்டப் பேராசிரியர் காஸ் சன்ஸ்டீன் எச்சரித்தார். தனக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்து படிக்கும் வசதி குடியாட்சிக்குக் கேடு என்பது அவர் வாதம். நீங்கள் சொல்லும் மருந்தும் அதையொட்டியதே. ஆனால் 2018 இல் கிறிஸ்டஃபர் பெய்லும் குழுவினரும் அந்த மருந்தைக் கொடுத்தே பார்த்தார்கள். ட்விட்டரில் எதிர்க்கட்சியாரின் பதிவுகளைத் திரட்டித் தரும் கணக்கு ஒன்றை ஒரு மாதம் பின்தொடரச் சிலருக்குப் பணம் தந்தார்கள். குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் ஒரு மாதத்தில் முன்னைவிட இறுகிப்போனார்கள். சனநாயகக் கட்சியாரிடமும் தங்கள் பக்கமே சாயும் போக்கு தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. கிணற்றில் இருந்த தவளையை வெளியே எடுத்துவிட்டால் அது கடலைக் கண்டு வியக்கவில்லை. கிணற்றின் பெருமையை இன்னும் உரக்கப் பேசியது. இந்த விஷயத்தில் அவநம்பிக்கையாளர்கள் போதிய அளவு அவநம்பிக்கை கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏன் அப்படி? நேரில் எதிர்க்கருத்துச் சொல்பவர் மாமனாகவோ அலுவலகத் தோழராகவோ இருப்பார். மறுநாளும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும், அதனால் காது கொடுப்போம். திரையில் வருபவர் முகமற்ற ஒரு கட்சிக்காரர். அவரிடம் தோற்றுப்போவதால் கிடைக்கும் ஆதாயம் ஒன்றுமில்லை. வென்றதாகக் காட்டிக்கொண்டால் நம்மவர்களின் கைதட்டல் கிடைக்கும். பேச்சு இருவருக்கிடையே நடப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் பார்வையாளர்களுக்காக நடக்கிறது.

ஆனாலும் எல்லாப் பழியையும் இணையத்தின் தலையில் போட முடியாது. 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் அரசியல் பிளவு மிக வேகமாக வளர்ந்தது இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்திய முதியவர்களிடம்தான் என்று தெரிந்தது.

பொய்ச்செய்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்தவர்கள், உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டு எண்ணியபோதும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்களே. பொய் புதுமையாக இருந்தது, உண்மை பழகியதாக இருந்தது.

அநீதியைக் கண்டு பதிவிடுகிறோம், பகிர்கிறோம். இதுவும் சமூகப் பணிதானே? — ஒரு கல்லூரி மாணவர்

1948 இல், வானொலிக் காலத்தில், பால் லசார்ஸ்ஃபெல்ட், ராபர்ட் மெர்ட்டன் என்ற இரு சமூகவியலாளர்கள் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டார்கள். நாட்டு நடப்பை நாள் முழுதும் கேட்டறிந்த குடிமகன், அறிந்துகொண்டதையே ஆற்றிய கடமையாக எண்ணி நிம்மதியாக உறங்கப் போகிறான். இது ஊடகம் ஊட்டும் மயக்க மருந்து என்றார்கள்.

முழுக்க அப்படியே சொல்லிவிடவும் மனமில்லை. 2013 இல் இஸ்தான்புல் நகரின் கெசி பூங்காவில் அரசை எதிர்த்து இளைஞர்கள் திரண்டதற்கு இணையம் பெரிதும் உதவியது. அதை நேரில் கண்டு எழுதிய சமூகவியலாளர் சைனப் துஃபெக்சி, அந்த வேகமே பிறகு பலவீனமாயிற்று என்கிறார். 1955 இல் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரின் கறுப்பின மக்கள் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்துகளைப் புறக்கணித்தபோது, இரவோடிரவாகத் துண்டறிக்கை அச்சிட்டு, வீடு வீடாகக் கொடுத்து, வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்லக் கார்களுக்கு முறைவைத்து 381 நாள் நடத்தினார்கள். அந்தச் சிரமத்தில்தான் ஒருவரையொருவர் நம்பவும், கருத்து மாறுபட்டாலும் பிரியாமலிருக்கவும் கற்றார்கள். சிரமமில்லாமல் கூடிய கூட்டத்துக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. நீங்கள் பகிருங்கள், தம்பி; பகிர்ந்த மறுநாள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். பிறகென்ன குறை? — ஒரு வணிகர்

நீங்கள் வணிகர், இலவசமாகக் கொடுப்பவன் எதை விற்கிறான் என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். செய்தி பெருகப் பெருகக் கவனம் வறுமையடையும் என்று 1971 இலேயே ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் சொன்னார். அந்த வறிய பொருளைத் திரட்டி விளம்பரதாரர்க்கு விற்பதுதான் தொழில். ஷொஷானா சூபோஃப் 2019 இல் இன்னும் ஒரு படி மேலே போய், நம் நடத்தையைக் கூர்ந்து பதிந்து, அடுத்து என்ன செய்வோம் என்ற கணிப்பையே சரக்காக்கி விற்கிறார்கள் என்று விரிவாக எழுதினார்.

சமூகவியல் நோக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்தில் மூன்றாவதாக ஒருவன் மதிப்பெண் பலகையோடு வந்து நிற்பது முன்பு இல்லாதது. 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் விருப்பக்குறி வந்தது. அதற்கு முன் ஒரு பேச்சு எடுபட்டதா என்பதைக் கேட்பவரின் முகத்தில் படித்தோம். பிறகு எண்ணில் படிக்கப் பழகினோம். அந்த எண்ணைத் தருபவர் நண்பரல்லர், இடத்தின் சொந்தக்காரர். எந்தப் பேச்சுக்கு எவ்வளவு கூட்டம் சேர வேண்டும் என்பதும் அவர் கையில். எழுத்தோ தொலைபேசியோ வந்தபோது இப்படி நடந்ததில்லை. முதல் கேள்வியைக் கேட்ட ஆசிரியர் ஐயா இதைப் படித்தால், ‘அதே ஒப்பாரி’ என்பதைச் சற்றுத் தளர்த்திக்கொள்வார் என்று நம்புகிறேன்.

ஊருக்கு இவ்வளவு சொல்லும் நீங்கள் கைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? — பெயர் வேண்டாம் என்ற வாசகர்

மோசமாகத்தான். இந்தப் பக்கங்களை எழுதி முடிப்பதற்குள் ஏழெட்டு முறை எடுத்துப் பார்த்திருப்பேன். அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டேன். ஒலிக்காததால் வந்திருக்குமோ என்று எடுத்துப் பார்ப்பது அதிகமாகிவிட்டது. செய்தியைப் படித்துவிட்டதைக் காட்டிக்கொடுக்கும் நீலக்குறியையும் அணைத்து வைத்திருக்கிறேன், பதில் சொல்ல வேண்டிய கடனிலிருந்து தப்பிக்கத்தான். தந்தையை இழந்த அந்த நண்பன் சென்ற வாரம் இதைக் கண்டுபிடித்துவிட்டு, ‘எனக்குக்கூடவா?’ என்று கேட்டு அனுப்பியிருந்தான். படித்துவிட்டேன்; இன்னும் பதில் அனுப்பவில்லை.